சொல்லிவிட்டால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா?

கேள்வி:

வணக்கம். எங்கள் அடுத்த வீட்டில் ஓர் அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்த பெண்ணுக்கு 14 வயது, நடுவில் ஒரு பையன் 8 வயது, கடைக்குட்டிக்கு இரண்டரை. அப்பா விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த அம்மா முன்பெல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், பார்த்தால் நின்று பேசுவார். ஐந்தாறு மாதமாக வெளியே வருவதே இல்லை. எந்நேரமும் படுத்தே இருக்கிறார் என்று தெரிகிறது. தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, துணி துவைப்பது எல்லாம் அந்தப் பெண்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவள் பள்ளிக்கே போவதில்லை. கதவைத் தட்டினால் பாதிதான் திறக்கிறாள்.

போன வாரம் இரவு 11 மணிக்கு வந்து, "ஆன்ட்டி, தெர்மாமீட்டர் இருக்கா? பாப்பாவுக்கு உடம்பு சுடுது" என்று கேட்டாள். கொடுத்தேன். "அம்மா எங்கே?" என்றதற்கு, "தூங்குறாங்க" என்றாள். என் முகம் மாறியதைப் பார்த்திருப்பாள் போல, அழுதுவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி, எங்களைத் தனித்தனியா கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடாதே" என்கிறார் என் கணவர். தெர்மாமீட்டரை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை, கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகள் நல அமைப்புகளிடம் சொன்னால் அவள் பயப்படுவதுபோலத்தான் நடக்குமா? கொடுத்த வாக்கை மீறலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தத் தெர்மாமீட்டரில்தான் நின்றேன். 14 வயதுப் பெண், இரவு 11 மணிக்கு, தங்கைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று அளந்து பார்த்து, உடனே டாக்டரிடம் ஓடுவதா, விடிகிறவரை பொறுப்பதா என்று தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. "சரிம்மா, நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படு" என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து "எவ்வளவு பொறுப்பான பொண்ணு!" என்று ஊரே பாராட்டும். இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப நலப் பணியில் இருக்கிறேன். அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்கு மனம் பதறும். பாராட்டு கூடக் கூட அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் சுமக்கும், இன்னும் கொஞ்சம் மறைக்கும்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லத்தான் வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். யாரிடம், எந்த வரிசையில் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வீட்டில் அடி உதை இல்லை, அம்மாவுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இல்லாமலும் இல்லை, பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் உதவி வந்தால் அது மெதுவான, வீட்டுக்குள்ளேயே முடிகிற உதவியாக இருக்கும். இன்னும் ஆறு மாதம் கழித்து, ஏதாவது விபரீதம் நடந்த பிறகு வருகிற உதவி அப்படி இருக்காது. அந்தப் பெண் எதற்குப் பயப்படுகிறாளோ, அது நடப்பதற்கான வாய்ப்பைக் கூட்டுவதே நம்முடைய மௌனம்தான்.

ஆனாலும் அவள் பயத்தைச் சின்னப் பிள்ளையின் பயம் என்று நான் தள்ள மாட்டேன். குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் குடும்பங்களைப் பிரித்த வரலாறு உலகத்தில் நிறையவே உண்டு. ஆஸ்திரேலியாவில் தலைமுறை தலைமுறையாகப் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். கனடாவில் உறைவிடப் பள்ளிகள் என்ற பெயரில் அதே கொடுமை நடந்தது. இன்னும் எத்தனையோ இடங்களில் ஏழ்மையையே குற்றமாகப் பார்த்தார்கள். வீட்டில் இல்லாமை என்றால் பிள்ளையை விடுதியில் போடு, முடிந்தது வேலை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதையெல்லாம் மறக்கக் கூடாது என்று நினைப்பவன் நான்.

பட்டுத்தான் பாடம் கற்றார்கள். 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்குக் கைகொடுப்பது அரசின் கடமை என்கிறது. பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையைப் பிரிப்பதென்றால், அது பிள்ளையின் நலனுக்கு அவசியம் என்று சட்டப்படி முடிவான பிறகுதான் முடியும் என்றும் சொல்கிறது. 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இன்னும் வெளிப்படையானவை. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது. அப்படி எடுக்க வேண்டிய நிலை வந்தாலும், தக்க காரணம் இல்லாமல் கூடப்பிறந்தவர்களைத் தனித்தனியாகப் பிரிக்கக் கூடாது. அந்தப் பெண் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அந்தப் பயத்துக்கே எழுதிவைத்த பதில் போல இருக்கிறது இது.

எல்லா ஊரிலும் எல்லா அதிகாரியும் இதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறார் என்று சொல்லமாட்டேன். எந்தச் சூழலிலும் பிரிக்க மாட்டார்கள் என்று சொன்னால் அதுவும் பொய். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் பிள்ளைகளை உடனே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவார்கள், கொண்டுபோகவும் வேண்டும். அப்போதும் பாட்டி, சித்தி, மாமா என்று சொந்தத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் நல்ல பணியாளர் முதலில் தேடுவார். விடுதியைக் கடைசியில் வைப்பதற்கு வெறும் கருணை மட்டும் காரணமில்லை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் விடுதிகளில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை வைத்து 2000-த்தையொட்டி ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள், மற்றவர்கள் விடுதிப் பராமரிப்பில் தொடர்ந்தார்கள். வருடங்கள் போகப் போக, அறிவு வளர்ச்சியிலும் மனிதர்களிடம் ஒட்டிக்கொள்கிற தன்மையிலும் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் மேலே நின்றார்கள். அதிலும் 2 வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களுக்குப் பலன் கூடுதல். சுத்தமான கட்டில், நேரத்துக்குச் சாப்பாடு இரண்டும் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த முடிவுகள் பெரிய பதிலாக அமைந்தன.

சரி, உதவி என்றால் உண்மையில் என்னதான் செய்வார்கள்? இதைச் சொன்னால் உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு வரும். பல வருடங்களுக்கு முன்பு நான் போன ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அங்கேயும் அம்மாவுக்கு நீண்ட நாள் மனநோய். 13 வயதுப் பெண்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள் என்னை உள்ளே விடவே யோசித்தாள். சமையலறைக் கதவின் பின்பக்கம் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. "அம்மா மாத்திரை காலை 1 ராத்திரி 2", "தம்பி டைரியில கையெழுத்து", "கரண்ட் பில்", "கதவு பூட்டியாச்சான்னு ரெண்டு தடவை பாரு". ஒவ்வொரு வரிக்கும் எதிரே நாள்வாரியாக டிக் போட்டிருந்தாள். பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியதில் தாளில் சில இடங்களில் ஓட்டை விழுந்திருந்தது. கடைசி வரி, "தலை சீவணும்". மூன்று வாரமாக அந்த ஒரு வரிக்கு எதிரே மட்டும் டிக் இல்லை.

கையில் கொண்டுபோயிருந்த படிவத்தை மூடி வைத்துவிட்டேன். "ஒரு நாள்ல எந்த நேரம்மா உனக்கு ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள். "காலையில ஆறரைல இருந்து எட்டு" என்றாள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டோம். பள்ளி நாட்களில் காலை ஆறரைக்கு ஒரு பணியாளர் போய் நிற்பார். தம்பியைக் கிளப்புவதும் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பதும் அவர் வேலை. ஆறு வாரத்துக்கு அவ்வளவுதான் ஏற்பாடு. அப்புறம் மனநல செவிலியர் ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து அம்மாவைப் பார்த்தார், பழைய மருந்தை டாக்டரிடம் சொல்லி மாற்ற வைத்தார். பள்ளியில் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினோம். பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அவளை வாசலில் நிறுத்துவதில்லை என்று ஒத்துக்கொண்டார். எட்டாவது வாரம் நான் போனபோது அதே தாள் அதே இடத்தில் இருந்தது. மாத்திரை வரியை அம்மா பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் கோணல்மாணலாக "நானே பாத்துக்கறேன்" என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் ஒருநாள்கூட வேறு வீட்டில் தூங்கவில்லை.

எல்லாக் குடும்பமும் இப்படிச் சீக்கிரம் எழுந்து நிற்பதில்லை. சில வீடுகளுக்கு இரண்டு வருடம் போயிருக்கிறேன். ஆனால் வேலையின் தன்மை இதுதான். குழந்தையைச் சில மணி நேரம் பார்த்துக்கொண்டு அம்மாவுக்கு ஓய்வு தருவது, உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது, சிகிச்சைக்குக் கூட்டிப்போவது, குடும்பத்தைப் பராமரிக்கிற பிள்ளைகளை அவர்கள் வயதுப் பிள்ளைகளோடு சேர்த்துவைப்பது. இந்தக் கடைசி வேலைக்கென்றே சில நாடுகளில் தனிக் குழுக்கள் உண்டு. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் சிறுமியருக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பு கேட்டறிய வேண்டும் என்கிறது. 14 வயதில் தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிவதே பாதி பாரத்தை இறக்கிவைத்தது போல.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போங்கள். கொடுத்த வாக்கை மீறலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையைப் பிடித்து அழுகிற பிள்ளையிடம் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம், அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆனால் அந்த வாக்கை அவளுக்குத் தெரியாமல் மீறிவிடாதீர்கள். பெரியவர்கள் சொல் மாறுவார்கள் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், அடுத்த முறை காய்ச்சல் வரும்போது அவள் யார் கதவையும் தட்டமாட்டாள். எனவே அவள் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள்: "அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னேன். அது நான் அவசரப்பட்டுச் சொன்னது. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அதை நாம ரெண்டு பேர் மட்டும் சரி பண்ண முடியாது. ஆனா உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன். யார்கிட்ட பேசினாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் பேசுவேன்." கோபப்படுவாள். நாலு நாள் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பேசத் தொடங்கினால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அம்மா அடிக்கிறாங்களா?", "பட்டினி போடுறாங்களா?" என்று நாமே பதிலை வாயில் திணிக்கிற கேள்விகள் வேண்டாம். "அப்புறம் என்ன ஆச்சு?", "அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லேன்" போதும். பிள்ளைகளிடம் விசாரிப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். நம் கேள்வியில் இருக்கும் வார்த்தை பிள்ளையின் நினைவில் கலந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவள் போன பிறகு, தேதி போட்டு, அவள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "கவனிப்பில்லாத வீடு" என்றெல்லாம் எழுத வேண்டாம். "இரவு 11 மணிக்குத் தெர்மாமீட்டர் கேட்டாள். அம்மா தூங்குவதாகச் சொன்னாள்." இப்படி இருந்தால்தான் பின்னால் கேட்பவருக்கு உபயோகம்.

அடுத்து அம்மா. அவரைத் தாண்டிக்கொண்டு நேராக அதிகாரிகளிடம் போவது இந்த நிலையில் தேவையில்லை என்பது என் கருத்து. ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தப் பெண் பேசும்போது, வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் அல்லது தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்பதுபோல ஏதாவது வந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் பேசாதீர்கள். நீங்கள் கேட்டது அந்தப் பிள்ளை மேல்தான் திரும்பும். அப்போது நேராகப் போனை எடுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பிள்ளைகளைப் பற்றித் தொடங்காதீர்கள், அது குற்றம் சாட்டுவதுபோல ஆகிவிடும். "உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. எப்படி இருக்கீங்க? ஏதோ சரியில்லைன்னு மனசுக்குப் பட்டது, அதான் வந்தேன்" என்று ஆரம்பியுங்கள். மாதக்கணக்கில் படுத்தே கிடப்பது, வேலையை விடுவது, யாரையும் பார்க்க விரும்பாதது, இதெல்லாம் மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். வேறு உடல்நோயும் இருக்கலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். சோம்பேறித்தனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எழுந்து பல் துலக்குவதற்கே அவருக்கு மலையைப் புரட்டுகிற பலம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு என்றால், சிகிச்சையில் குணம் காணக்கூடிய நோய் அது.

ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்கக் கூடாது. "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி ஆவதில்லை. மனதுக்குள் அதைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு, ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். ஆமாம் என்று சொன்னால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அன்றைக்கே டாக்டரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள்.

டாக்டரைப் பார்க்க அவர் ஒத்துக்கொண்டால், நேரம் வாங்குவது முதல் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பது வரை கூட இருங்கள். மனச்சோர்வில் இருப்பவரிடம் போன் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு வருவதில் பிரயோஜனமே இல்லை.

அதோடு பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் வராத பெண்ணைப் பற்றிப் பள்ளியில் யாராவது ஏற்கனவே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள், காரணம்தான் தெரிந்திருக்காது. ஆலோசகரோ அவள் நம்புகிற ஆசிரியரோ இருந்தால் அம்மாவின் சம்மதத்தோடு போய்ப் பேசலாம். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் பல நாடுகளில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். சில இடங்களில் அந்தக் கடமை எல்லோருக்கும் உண்டு. அந்தப் பெண்ணிடம் இதை மறைக்காதீர்கள்.

அம்மா கதவைச் சாத்திவிட்டால்? ஓரிரு வாரம் இன்னொரு முறை, இன்னொரு மாதிரி முயலுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குழந்தைகள் நலத் துறைக்கோ உதவி எண்ணுக்கோ பேசிவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, மலேசியாவில் 15999. பிரிட்டனில் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச 0800 1111 இருக்கிறது. பேசும்போது நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பார்த்ததையும் கேட்டதையும் சொன்னால் போதும், அதற்குத்தான் அந்த நோட்டு. உங்கள் பெயரைக் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆலோசனை மட்டும் கேட்பதற்கும் அழைக்கலாம், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

இரண்டரை வயதுக் குழந்தை பெரியவர் யாருமில்லாமல் தனியே விடப்பட்டால், யாராவது உடலில் காயத்தோடு வந்தால், பாலியல் தொந்தரவு பற்றிச் சின்ன வார்த்தை வந்தால், அம்மாவோ மகளோ சாவைப் பற்றிப் பேசினால், மேலே சொன்ன வரிசையெல்லாம் கிடையாது. அந்த நிமிடமே அழைக்க வேண்டும்.

சொந்தக்காரர்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது இருக்கிறார்களா என்று மெதுவாக விசாரியுங்கள். கணவன் போன பிறகு அவமானத்தில் பலர் சொந்தங்களோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், இந்தப் பக்கம் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நியூசிலாந்தில் 1989-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பூர்வகுடிகளான மாவோரி மக்கள், எங்கள் பிள்ளைகளைப் பற்றிய முடிவில் எங்கள் குடும்பங்களுக்கு இடமே இல்லை என்று தொடர்ந்து போராடியதன் விளைவு அது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொந்தபந்தம் எல்லோரையும் கூட்டி உட்காரவைப்பார்கள். விவரத்தைச் சொல்லிவிட்டு, அதிகாரிகள் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குடும்பமே பேசி ஒரு திட்டத்தோடு வரும். இன்று பல நாடுகளில் இந்த முறை இருக்கிறது. நானும் அப்படி வெளியே போய் வராந்தாவில் காத்திருந்திருக்கிறேன். உள்ளே சத்தம் கேட்கும், அழுகை கேட்கும். ஒருமுறை மூன்று மணி நேரம் ஆனது. கதவைத் திறந்தபோது, யார் எந்தக் கிழமை வருவார்கள் என்று எழுதிய தாளை என்னிடம் நீட்டியது அதுவரை ஒரு வார்த்தை பேசாத தாய்மாமன்.

ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சேவைகள் மெதுவாக நகரும். ஒரு பணியாளரிடம் தாங்கமுடியாத அளவு குடும்பங்கள் இருக்கும். பழகின ஆள் மாறிப்போய்ப் புது ஆள் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்பார். பிள்ளைகள் இதில் நொந்துபோவார்கள், எங்கள் துறை வெட்கப்பட வேண்டிய விஷயம் இது. நீங்கள் விடக் கூடாது. யார் பேசினார், என்று வருகிறேன் என்றார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் மறுநாளே மறுபடி அழையுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது முறையாக அழைக்கிற பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பு மேஜையில் மேலே வந்துவிடும். நானே அப்படி எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அடுத்தவர் மானத்துக்கு மரியாதை கொடுக்க நினைக்கிறார். அதை மதிக்கிறேன். ஆனால் இங்கே நீங்களாகப் போய்த் தலையிடவில்லை. அந்தப் பிள்ளை இரவில் எழுந்து வந்து உங்கள் கதவைத் தட்டியிருக்கிறது. இதை அவரிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள். அவரும் கூட இருந்தால் உங்களுக்கும் பாரம் குறையும்.

அதே சமயம் நீங்கள் அந்த வீட்டுக்கு இன்னொரு அம்மாவாகிவிட வேண்டாம். இரக்கத்தில் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு மாதத்தில் களைத்துப்போய் விலகிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது பிள்ளைகளுக்கு இரண்டாவது முறை ஒருவர் விட்டுப்போனது போல. சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பாப்பா உங்கள் வீட்டில் இருக்கட்டும், அந்த நேரம் அக்கா படிக்கட்டும் அல்லது சும்மா படுத்திருக்கட்டும். என்ன ஆனாலும் அந்தச் செவ்வாய் வியாழன் தவறக் கூடாது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் குழுவாக ஆய்வு செய்து, அவர்கள் நாற்பது வயதாகும்வரை பின்தொடர்ந்தார். வறுமை, பெற்றோரின் மனநோய், குடிப்பழக்கம், சண்டை என்று பல ஆபத்துகளை ஒன்றாகச் சுமந்து வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், அன்பும் தன்னம்பிக்கையும் உள்ள பெரியவராக வளர்ந்திருந்தார். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, சிறு வயதில் நிலையாகக் கூட நின்ற ஒரு பெரியவர். தாத்தா, பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் அவர் இருந்தார்.

தெர்மாமீட்டரைத் திருப்பிக் கேட்காதீர்கள், அவளிடமே இருக்கட்டும். ஆனால் அடுத்த முறை காய்ச்சல் அளந்தால், எத்தனை மணியானாலும் அந்த எண்ணை உங்களிடம் வந்து சொல்லிவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லிவையுங்கள். இந்த வார இறுதிக்குள் அவளிடமும், அடுத்த வாரம் ஒரு பள்ளி நாளில் அவள் அம்மாவிடமும் பேசிவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அம்மா கதவைத் திறக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.